‘கால்ட் ஆஃப்’, ‘லுக்ட் இன்டு’, ‘லெய்ட் ஆஃப்’: ஆங்கில அறிவிப்பில் செய்தவர் எங்கே?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஆங்கிலம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று, இடைநிலைப்பள்ளிப் பிள்ளையின் பயிற்சிப் புத்தகம். மற்றது, நிர்வாகம் அனுப்பும் கடிதமும் ஆபீஸ் பலகையில் ஒட்டும் அறிவிப்பும். இரண்டிலும் பலருக்கு ஒரே இடத்தில்தான் தடுக்குகிறது: பிரேசல் வெர்ப் (‘கால் ஆஃப்’ போல வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிவரும் கூட்டு) செயப்பாட்டு வினையில் வரும் இடம். புத்தகத்தில் தடுக்கினால் ஒரு மதிப்பெண் போகும். கடிதத்தில் தடுக்கினால் கூட்டம் நடக்குமா நடக்காதா, வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பதே தலைகீழாகிவிடும்.

மாதிரிக்கு ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். நான்கே வரி.

1. ‘த ஃப்ரைடே மீட்டிங் ஹேஸ் பீன் கால்ட் ஆஃப்.’
2. ‘வாட்டர் சப்ளை வில் பி கட் ஆஃப் டுமாரோ.’
3. ‘கம்ப்ளெய்ன்ட்ஸ் அபௌட் லீக்கிங் ரூஃப்ஸ் ஆர் பீயிங் லுக்ட் இன்டு.’
4. ‘த ஸ்கூல் வேன் ஹேஸ் ப்ரோக்கன் டவுன்.’

வெள்ளிக்கிழமைக் கூட்டம் ரத்து. நாளைக்குத் தண்ணீர் நிறுத்தப்படும். கூரை ஒழுகும் புகார்கள் விசாரணையில் இருக்கின்றன. பள்ளி வேன் பழுதாகிவிட்டது. நான்கும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் நான்காவது செயப்பாட்டு வினையே அல்ல. முதல் மூன்றில் காரியத்தைச் செய்தவர் ஒருவர் உண்டு, அவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. நான்காவதில் அப்படி யாரும் இல்லை. வேன் தானாக நின்றுபோனது. இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவுடன் பிடிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

வினையும் ஒட்டுச்சொல்லும்

‘கால்’, ‘கட்’, ‘லுக்’, ‘டேக்’, ‘புட்’ போன்ற எளிய ஆங்கில வினைகளுக்குப் பின்னால் ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ என்று ஒரு சின்னச் சொல் வந்து சேரும். சில நேரம் இரண்டு வரும். சேர்ந்தபின் கிடைக்கும் பொருளைத் தனித்தனிச் சொல்லிலிருந்து ஊகிக்க முடியாது. இந்தக் கூட்டுதான் பிரேசல் வெர்ப். இந்தப் பெயரை 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் அச்சில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்; வழக்கு அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொல்லை இந்தக் கட்டுரையில் ஒட்டுச்சொல் என்போம்.

நம் கேள்விக்கு நான்கு வகை போதும்.

1. செயப்படுபொருள் வேண்டாதவை. ‘பிரேக் டவுன்’ (பழுதாகு), ‘டர்ன் அப்’ (வந்து சேர்), ‘க்ரோ அப்’ (வளர்ந்து ஆளாகு), ‘பாஸ் அவே’ (காலமாகு). எதை, யாரை என்று கேட்டால் பதில் வராது.
2. செயப்படுபொருள் உள்ளவை, ஒட்டுச்சொல் இடம் மாறும். ‘கால் ஆஃப் த மீட்டிங்’ என்றும் சொல்லலாம், ‘கால் த மீட்டிங் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ வந்தால் மட்டும் நடுவில்தான் நிற்கவேண்டும்: ‘கால் இட் ஆஃப்’.
3. செயப்படுபொருள் உள்ளவை, ஒட்டுச்சொல் அசையாது. ‘லுக் இன்டு த கம்ப்ளெய்ன்ட்’, ‘லுக் ஆஃப்டர் த சில்ட்ரன்’, ‘டீல் வித் த ப்ராப்ளம்’. ‘லுக் தெம் ஆஃப்டர்’ என்று ஒருநாளும் வராது.
4. இரண்டு ஒட்டுச்சொல் உள்ளவை. ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்), ‘டூ அவே வித்’ (ஒழித்துவிடு), ‘லுக் டவுன் ஆன்’ (இளக்காரமாகப் பார்).

இலக்கணக்காரர்கள் மூன்றாவது வகைக்குத் தனிப் பெயர் வைத்துப் பிரிப்பார்கள். பள்ளிப் பயிற்சிகளில் எல்லாமே பிரேசல் வெர்ப் என்ற ஒரே தலைப்பில் வருவதால் இங்கும் சேர்த்தே பார்ப்போம்.

செயப்பாட்டு வினை ஆகும்போது என்ன நடக்கிறது

‘த மேனேஜர் கால்ட் ஆஃப் த மீட்டிங்’ என்பது செய்வினை. மேலாளர் எழுவாய், கூட்டம் செயப்படுபொருள். இதைத் திருப்பினால் கூட்டம் முன்னால் வந்து எழுவாயாகிறது: ‘த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப் பை த மேனேஜர்.’ இதில் நடந்த மாற்றம் மூன்று. ‘பி’ என்ற வினையின் ஏதாவது ஒரு வடிவம் வந்தது (‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ் பீன்’, ‘வில் பி’, ‘ஆர் பீயிங்’). முதன்மை வினை மூன்றாம் வடிவத்துக்கு மாறியது. செய்தவர் ‘பை’ போட்டுக் கடைசிக்குப் போனார், வேண்டாம் என்றால் காணாமலே போகலாம்.

மாறாதது ஒன்றே ஒன்று, ஒட்டுச்சொல். வினைக்குப் பின்னால் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கிறது. செயப்படுபொருள் இடம்பெயர்ந்து முன்னால் போய்விட்டதால் ‘ஆஃப்’, ‘இன்டு’, ‘ஆஃப்டர்’ எல்லாம் பின்னால் எதுவும் இல்லாமல் தனியாக நிற்பது போலத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ‘த பேபி வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் க்ராண்ட்மதர்’ என்று எழுதும்போது ‘ஆஃப்டர்’, ‘பை’ இரண்டும் அடுத்தடுத்து வருவது தப்பு என்று நினைத்து ஒன்றை அடித்துவிடுகிறார்கள். தப்பே இல்லை, இரண்டும் வேண்டும். ‘லுக்ட் டவுன் ஆன் பை’ என்று மூன்று சின்னச் சொல் வரிசையாக வந்தாலும் சரிதான்.

ஆங்கிலத்தின் இந்தப் பழக்கம் எல்லா மொழிக்கும் பொது அல்ல. பிரெஞ்சில் ‘லுக்ட் ஆஃப்டர்’ மாதிரி ஒட்டுச்சொல்லை அந்தரத்தில் விட்டுவிட்டுச் செயப்பாட்டு வினை அமைக்கவே முடியாது. பழைய ஆங்கிலத்திலும் இது கிடையாது, பிறகு வளர்ந்ததுதான். வாக்கியத்தை இப்படிச் சின்னச் சொல்லில் முடிக்கக் கூடாது என்ற ஒரு பழைய அபிப்பிராயம் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேசல் வெர்ப் விஷயத்தில் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழும் மலாயும் பழகிய காதுக்கு ஏன் இடிக்கிறது

நமக்கும் கூட்டுவினை புதிதல்ல. தள்ளிவை, கைவிடு, விட்டுக்கொடு என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். ஆனால் தமிழில் ‘படு’ போய் ஒட்டுவது கூட்டின் கடைசி உறுப்பில்: தள்ளிவைக்கப்பட்டது, கைவிடப்பட்டது. மலாயில் வினையின் முன்னால் ‘டி’ சேர்த்தால் வேலை முடிந்தது: ‘டிபாத்தால்கான்’, ‘டிபோத்தோங்’. இரண்டிலும் மொத்தமும் ஒரே சொல்லாக இறுகிவிடுகிறது. ஆங்கிலத்தில் முதல் உறுப்பு மாறுகிறது, கடைசி உறுப்பு மாறாமல் விலகி நிற்கிறது. அதனால் ‘கால்ட்’ என்ற இடத்திலேயே சொல் முடிந்துவிட்டதாக நம் கண் எடுத்துக்கொள்கிறது.

இதைவிட முக்கியமான வேறுபாடு பேச்சுத்தமிழில் இருக்கிறது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) யாரும் “தண்ணீர் நிறுத்தப்பட்டது” என்று சொல்வதில்லை. “தண்ணிய நிறுத்திட்டாங்க” என்போம். “அவர வேலையிலேர்ந்து நிப்பாட்டிட்டாங்க”, “கூட்டத்த ரத்து பண்ணிட்டாங்க.” நிறுத்தியது யார் என்று நமக்கும் தெரியாது, சொல்லவும் போவதில்லை, ஆனாலும் வினையின் ஓரத்தில் ‘ஆங்க’ என்று சில ஆட்கள் நிற்கிறார்கள். ஆங்கிலச் செயப்பாட்டு வினைக்குச் சரியான தமிழ் இந்த ‘ஆங்க’தான். பிள்ளைகள் இதை அப்படியே ‘தே’ என்று எழுதி ‘தே கட் ஆஃப் த வாட்டர்’ என்கிறார்கள். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் படிப்பவர் ‘தே’ யார் என்று தேடுவார். அந்த இடத்தில் ‘த வாட்டர் வாஸ் கட் ஆஃப்’ என்பதுதான் இயல்பு.

மறுபக்கமும் கவனிக்கவேண்டும். ஆங்கிலத்தில் ‘வாஸ் கட் ஆஃப்’ என்று படிக்கும்போது அந்த ‘ஆங்க’ நம் காதில் விழுவதில்லை. தண்ணீர் தானாக நின்றது போலப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். செயப்பாட்டு வினையைப் பார்த்தால் மனசுக்குள் ‘ஆங்க’ போட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். உடனே “யார்?” என்ற கேள்வி எழும்.

எது மாறும், எது மாறாது

ஒரு பிரேசல் வெர்ப்பைச் செயப்பாட்டு வினையாக்க முடியுமா என்று பார்க்க இந்த வரிசையில் போகலாம்.

1. எதை, யாரை என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ‘த வேன் வாஸ் ப்ரோக்கன் டவுன்’ தவறு, ‘த வேன் ப்ரோக் டவுன்’ சரி. ‘ஹி வாஸ் பாஸ்ட் அவே’ தவறு, ‘ஹி பாஸ்ட் அவே’ சரி. தமிழில் “பழுதாகிவிட்டது”, “இறந்துபோனார்” என்று நீளமாக வருவதால் ஆங்கிலத்திலும் ஏதோ ஒரு ‘வாஸ்’ வேண்டும் என்று கை தானாக எழுதிவிடுகிறது.

2. பதில் இருந்தால், அந்தப் பொருள் உண்மையிலேயே வினையால் பாதிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ‘கோ இன்டு’ என்பதற்கு உள்ளே போ என்றும் பொருள், நுணுகி ஆராய் என்றும் பொருள். ‘த அக்கௌன்ட்ஸ் வேர் கான் இன்டு’ என்றால் கணக்குகள் அலசப்பட்டன, சரியான வாக்கியம். ‘த ஸ்டோர் வாஸ் கான் இன்டு’ என்று ஸ்டோருக்குள் நுழைந்ததைச் சொல்ல முடியாது. அதே ஸ்டோரைத் திருடன் உடைத்துப் புகுந்தால் ‘த ஸ்டோர் வாஸ் ப்ரோக்கன் இன்டு’ என்பது முழுக்கச் சரி. இரண்டிலும் ஆள் உள்ளே போகிறான். ஆனால் உடைபட்டபோதுதான் ஸ்டோருக்கு ஏதோ ஆகிறது. இந்த இரண்டாவது சோதனையைப் பயிற்சிப் புத்தகங்கள் அநேகமாகச் சொல்வதில்லை. வெறும் சூத்திரத்தை வைத்துக்கொண்டு திணறுவதற்கு இதுதான் காரணம்.

3. சில வினைகளில் செயப்படுபொருள் இருந்தும் வழக்கு இடம்கொடுக்காது. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’ (அரிசி தீர்ந்துவிட்டது) என்பதைத் திருப்பி ‘ரைஸ் ஹேஸ் பீன் ரன் அவுட் ஆஃப்’ என்று யாரும் சொல்வதில்லை. வேண்டுமென்றால் ‘த ரைஸ் ஹேஸ் ரன் அவுட்’ என்று செயப்படுபொருள் இல்லாத முதல் வகைக்கு மாறிக்கொள்வார்கள்.

4. ஒரே கூட்டு இரண்டு வகையிலும் இருக்கலாம். விமானம் ‘டுக் ஆஃப்’ ஆகும். அதற்குச் செயப்பாட்டு வினை கிடையாது. செருப்பை ‘டேக்கன் ஆஃப்’ செய்யலாம், அதற்கு உண்டு. ஆகவே பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைவிட வாக்கியத்தில் என்ன பொருள் என்று பார்ப்பதே வழி.

இரட்டை ஒட்டுச்சொல் வந்தால் பயப்படவேண்டாம். மலாயாவில் இந்தியர்களின் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதை ‘இன்டென்ச்சர்ட் லேபர் வாஸ் டன் அவே வித் இன் 1910’ என்று தாராளமாக எழுதலாம். ‘டன் அவே’ என்பதோடு நிறுத்தினால் வாக்கியம் சாகும்.

வடிவம் மாறாத வினைகளிடம் தனிக் கவனம் வேண்டும். ‘கட்’, ‘புட்’, ‘ஷட்’, ‘செட்’ நான்குக்கும் மூன்று வடிவமும் ஒன்றே. ‘டேக் – டுக் – டேக்கன்’ போல இவை நமக்குச் சைகை காட்டாது. ‘த வாட்டர் வாஸ் கட் ஆஃப்’ என்பதில் செயப்பாட்டு வினை என்று சொல்வது ‘வாஸ்’ ஒன்றுதான். அதை விட்டு ‘த வாட்டர் கட் ஆஃப்’ என்று எழுதினால், தண்ணீர் எதையோ வெட்டியது போல ஆரம்பித்து வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. அறிவிப்பின் நான்காவது வரிக்கும் இதுவே திறவுகோல். ‘ஹேஸ் பீன் கால்ட் ஆஃப்’ என்பதில் ‘பீன்’ இருக்கிறது, ‘ஹேஸ் ப்ரோக்கன் டவுன்’ என்பதில் இல்லை. ‘ஹேஸ்’ பின்னால் ‘பீன்’ இல்லாவிட்டால் அது செய்வினை.

ஒட்டுச்சொல் விழுந்தால் பொருள் கவிழும்

ஒட்டுச்சொல்லைப் பிள்ளைகள் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடும்போது சில இடங்களில் பொருள் லேசாக மங்கும், சில இடங்களில் எதிர்ப்பக்கம் போய்விடும். மிகத் தெளிவான உதாரணம் நம் அறிவிப்பின் முதல் வரியே. ‘த மீட்டிங் வாஸ் கால்ட்’ என்றால் கூட்டம் கூட்டப்பட்டது. ‘த மீட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்’ என்றால் ரத்தானது. ‘ஆஃப்’ என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டவர் வெள்ளிக்கிழமை பெரட்டுக் களத்தில் (தொழிலாளர் கூடும் திடலில்) தனியாக நிற்பார்.

‘த லோன் வாஸ் பெய்ட்’ என்றால் கடனுக்குப் பணம் கட்டப்பட்டது என்று மட்டும் தெரியும். ‘பெய்ட் ஆஃப்’ என்றால் முழுக்க அடைந்து கணக்கு முடிந்தது. ‘புட்’ என்ற வினையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘புட் ஆஃப்’ தள்ளிவைப்பு, ‘புட் அவுட்’ தீயை அணைப்பது, ‘புட் அப்’ பலகையில் ஒட்டுவது, ‘புட் அப் வித்’ சகித்துக்கொள்வது. ‘த ஃபயர் வாஸ் புட்’ என்று விட்டால் தீ எங்கே வைக்கப்பட்டது என்று படிப்பவர் கேட்பார்.

‘கால்ட் ஆஃப்’, ‘புட் ஆஃப்’ இரண்டையும் ஒன்றாகப் படிப்பது இன்னொரு வழக்கமான பிழை. முன்னது ரத்து, பின்னது வேறொரு நாளுக்கு மாற்றம். பள்ளி விளையாட்டுப் போட்டி ‘புட் ஆஃப்’ ஆனால் பயிற்சியை விடக்கூடாது.

மூன்று படி: மூடினார்கள், மூடப்பட்டது, மூடிப்போனது

இந்த விஷயத்தில் தோட்டப்புற வாசகர் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் சில பிரேசல் வெர்ப்கள் செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும்: ‘க்ளோஸ் டவுன்’, ‘ஷட் டவுன்’, ‘ப்ரேக் அப்’, ‘மூவ் அவுட்’. அதனால் ஒரே நிகழ்ச்சியை மூன்று விதமாகச் சொல்ல முடிகிறது.

1. ‘த கம்பெனி க்ளோஸ்ட் டவுன் த ஃபேக்டரி.’ செய்வினை. யார் மூடியது என்பது முதல் சொல்லிலேயே இருக்கிறது.
2. ‘த ஃபேக்டரி வாஸ் க்ளோஸ்ட் டவுன்.’ செயப்பாட்டு வினை. யாரோ மூடினார்கள், பெயர் இல்லை. ஆனால் ‘பை ஹூம்?’ என்று கேட்க வாசல் திறந்திருக்கிறது.
3. ‘த ஃபேக்டரி க்ளோஸ்ட் டவுன்.’ செயப்படுபொருள் இல்லாத செய்வினை. ஆலை தானாகக் கண்ணை மூடிக்கொண்டது. ‘பை ஹூம்?’ என்று கேட்கவே இலக்கணம் இடம் தராது.

தமிழில் நிறுத்தினார்கள், நிறுத்தப்பட்டது, நின்றது என்று மூன்று வினையும் வடிவத்தில் பளிச்சென்று வேறுபடும். ஆங்கிலத்தில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருப்பது ஒரு ‘வாஸ்’ மட்டுமே. செயப்பாட்டு வினை செய்தவரை மறைக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கருத்தில் மூன்றாவது வடிவம் அதைவிட ஆழமாக மறைக்கிறது. செயப்பாட்டு வினையில் ஆள் திரைக்குப் பின்னால் நிற்பதாவது தெரியும்; மூன்றாவதில் அப்படி ஓர் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம் வரலாற்றையே இந்த மூன்று படியில் வைத்துப் பார்க்கலாம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் வீடும் சேர்ந்தே போனது. இதை ‘த எஸ்டேட்ஸ் ப்ரோக் அப்’ என்று எழுதினால் தோட்டங்கள் தாமாகச் சிதறியது போல இருக்கும். ‘த எஸ்டேட்ஸ் வேர் ப்ரோக்கன் அப் அண்ட் சோல்ட் ஆஃப்’ என்றால் யாரோ உடைத்தார்கள், யாரோ விற்றார்கள் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. இரண்டாவதுதான் நடந்ததற்குப் பொருத்தம்.

அந்தத் துண்டாடலுக்கு எதிராகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் அமைக்கப்பட்டது: ‘வாஸ் செட் அப் இன் 1960’. இங்கே ‘பை’ போட்டுப் பெயரைச் சேர்ப்பதே நியாயம். சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைப் பங்கு சேர வைத்து உருவாக்கிய சங்கம் அது. செய்தவர் யார் என்பதுதான் செய்தி என்றால் அவரை விடக்கூடாது, செய்வினைக்கே போய்விடலாம்.

‘டேக்ஓவர்’, ‘ஷட்டௌன்’, ‘லே-ஆஃப்’ என்று இதே கூட்டுகள் பெயர்ச்சொல்லாகவும் வரும். ‘ஆஃப்டர் த டேக்ஓவர்’ என்றால் எடுத்தது யார், யாரிடமிருந்து, எப்போது எதுவும் இல்லை. கடிதத்தில் இப்படி ஒரு பெயர்ச்சொல்லைப் பார்த்தால் அதை மறுபடி வினையாக விரித்துப் பார்க்கவேண்டும்.

‘லெய்ட் ஆஃப்’: ஒரு சொல்லின் பின்னால் இருக்கும் சட்டம்

செய்திகளில் அதிகம் குழப்பும் பிரேசல் வெர்ப் இதுதான். ‘லே ஆஃப்’ என்பதன் மூன்று வடிவம்: ‘லே – லெய்ட் – லெய்ட்’. முதலாளி செய்வது செய்வினை: ‘த கம்பெனி லெய்ட் ஆஃப் ஃபிஃப்டி வொர்க்கர்ஸ்.’ தொழிலாளி பக்கமிருந்து பார்த்தால் எப்போதும் செயப்பாட்டு வினை: ‘ஐ வாஸ் லெய்ட் ஆஃப்.’ ‘ஐ லெய்ட் ஆஃப்’ என்று தொழிலாளி எழுதினால் அவர் யாரையோ நிறுத்தினார் என்று ஆகும். நேர்முகத் தேர்வில் வாய் தவறிச் சொல்லக்கூடாத வாக்கியம்.

பத்திரிகை ஆங்கிலத்தில் ‘லெய்ட் ஆஃப்’ என்றால், தொழிலாளியின் குற்றம் எதுவும் இல்லாமல், கம்பெனியின் காரணத்துக்காக வேலை போனது. நிரந்தரமாகவும் இருக்கலாம், தற்காலிகமாகவும் இருக்கலாம். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த பணிநீக்க, லே-ஆஃப் சலுகை விதிகள் அதற்குத் தனி வரையறை தருகின்றன. வேலை கொடுத்தால்தான் கூலி என்ற நிலையில் உள்ள ஒருவருக்கு, தொடர்ச்சியான 4 வாரத்தில் மொத்தம் 12 வழக்கமான வேலை நாட்களுக்காவது முதலாளி வேலை கொடுக்கவில்லை, வேலை இல்லாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை என்றால், அவர் லெய்ட் ஆஃப் ஆனவர். அதாவது, கடிதம் எதுவும் வராமலே ஒருவர் சட்டப்படி லெய்ட் ஆஃப் ஆகியிருக்கலாம். நாள்கூலிக்குச் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் பால்மரம் வெட்டுபவருக்கும் இது நேரடியாகப் பொருந்தும் செய்தி.

அந்த விதிகளின்படி குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் சலுகைப் பணம் உண்டு. 2 வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள். 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 20 நாள்.

இப்போது இரண்டு வாக்கியத்தை அருகருகே வைத்துப் பாருங்கள்.

‘ஹி வாஸ் லெய்ட் ஆஃப்.’
‘ஹி கேவ் அப் ஹிஸ் ஜாப்.’

இரண்டிலும் ஆள் வேலையில் இல்லை. முதலாவதில் அது அவருக்கு நடந்தது, முடிவெடுத்தவர் வேறொருவர். இரண்டாவதில் செய்தவர் அவரே; அவரே விட்டுவிட்டார். மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-லிருந்து நடக்கிறது. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்தவருக்கு அதில் பொதுவாக உதவி கிடையாது. ஆக, கையெழுத்துப் போடச் சொல்லித் தரும் தாளில் எந்த வாக்கியம் இருக்கிறது என்பது பணத்தோடு சேர்ந்த கேள்வி. ‘ஹேஸ் அக்ரீட் டு கிவ் அப்’, ‘வாக்ட் அவுட்’ போன்ற செய்வினைகள் தொழிலாளியை எழுவாயாக வைத்து நின்றால், நடந்தது அதுதானா என்று பார்த்தபிறகுதான் பேனாவை எடுக்கவேண்டும். புரியவில்லை என்றால் வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளையிடம் காட்டலாம், தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கொண்டுபோகலாம். புரிந்துகொள்ள நேரம் கேட்பதில் தவறே இல்லை.

எழுதும்போது எதைத் தேர்வது

பிரேசல் வெர்ப் பேச்சுக்கு மட்டும்தான், எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரைக்கோ கடிதத்துக்கோ ஆகாது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பாதி உண்மை. ‘புட் அப் வித்’ என்பதற்குப் பதில் ‘டாலரேட்’, ‘டர்ன் டவுன்’ என்பதற்குப் பதில் ‘ரிஜெக்ட்’ என்று ஒற்றைச் சொல் போட்டால் கடிதம் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். ஆனால் ‘கேரிட் அவுட்’, ‘செட் அப்’, ‘லெய்ட் ஆஃப்’, ‘டேக்கன் ஓவர்’ ஆகியவை அறிக்கையிலும் சட்ட விளக்கத்திலும் தினமும் வருபவை. ‘எ க்ளீன்-அப் வாஸ் கேரிட் அவுட் பை த ஸ்டூடன்ட்ஸ்’ என்று அறிக்கை எழுதும் பிள்ளையின் மதிப்பெண்ணில் கைவைக்க எந்தக் காரணமும் இல்லை.

நிர்வாகத்துக்கு எழுதும்போது என் யோசனை இது. உங்களுக்கு நடந்ததைச் செயப்பாட்டு வினையில் எழுதி, கூடவே தேதியையும் ‘பை’ போட்டுச் செய்தவரையும் சேருங்கள். அவர்கள் செய்யவேண்டியதைச் செய்வினையில் கேளுங்கள். ‘அவர் கம்ப்ளெய்ன்ட் இஸ் பீயிங் லுக்ட் இன்டு’ என்று பதில் வந்திருந்தால், அடுத்த கடிதத்தில் ‘ஹூ இஸ் லுக்கிங் இன்டு அவர் கம்ப்ளெய்ன்ட், அண்ட் வென் வில் தே ஃபினிஷ்?’ என்று அதே வினையைத் திருப்பிக் கேட்கலாம். தண்ணீர் விஷயத்தில் ‘த வாட்டர் வாஸ் கட் ஆஃப் ஆன் மன்டே. ப்ளீஸ் டெல் அஸ் ஹூ கட் இட் ஆஃப் அண்ட் வை.’ வேலை விஷயத்தில் இன்னும் நேராக: ‘ஐ டிட் நாட் கிவ் அப் மை ஜாப். ஐ வாஸ் லெய்ட் ஆஃப் பை த கம்பெனி.’ இதோடு வேலை நின்ற தேதியைப் போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெர்கேசோவின் 60 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.